ஓடைக்கரைக்கு அப்பம்

மழை பொய்த்துப் பஞ்சம் வந்த தேசத்தில் மையாள் என்றொரு அண்டங்காக்கை இருந்தாள். ஒருநாள் காலையில் கடவுள் அவளைக் கூப்பிட்டு ஓர் அப்பத்தைக் காட்டினார்.

"ஓடைக்கரையில் என் தீர்க்கதரிசி பட்டினியாக ஒளிந்திருக்கிறார். இதை அவரிடம் கொண்டுபோய்க் கொடு" என்றார்.

அப்பத்தைக் கவ்விக்கொண்டு கிளம்பிய மையாளுக்கும் பசி வயிற்றைக் கிள்ளியது. கூடவே பறந்து வந்த அவள் புருஷன் சும்மா இருக்கவில்லை.

"நாம பிடுங்கித் தின்கிறவங்க. அடுத்தவருக்குக் கொடுக்கிற பழக்கம் நம்ம வம்சத்திலேயே கிடையாது. பாதியைத் தின்னுட்டுப் போ, யாருக்குத் தெரியப்போகுது?"

பேசினால் அப்பம் விழுந்துவிடும் என்று அவள் வாய் திறக்காமல் பறந்தாள்.

தீர்க்கதரிசி எழுந்து உட்காரத் தெம்பில்லாமல் கிடந்தார். அப்பத்தை அவர் கையருகே வைத்த மையாள், கல்லெறிவாரோ என்று பயந்து தள்ளிப் போய் நின்றாள். அவரோ அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"வா தாயி, உனக்கும் பசிக்குமே" என்று ஒரு துண்டைப் பிய்த்து வைத்தார். இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

மரக்கிளையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த புருஷன், மையாள் திரும்பி வந்ததும் தொண்டையைச் செருமினான்.

"பாவம், வெறும் அப்பம் அவருக்கு எப்படி இறங்கும்? இறைச்சி கிடைக்கிற இடம் எனக்குத் தெரியும். சாயங்காலம் நான் கொண்டுபோகட்டுமா?"

கேட்டவன் பதிலுக்குக்கூட நிற்காமல் பறந்தான்.