மிஷின் ஓடும்வரை

"எழுந்திருன்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா. அவளுக்கு உசுரே போயிடும்," என்றார் தையல்காரர், வாசலை மறித்துக்கொண்டு.

பிசியோதெரபிஸ்டுக்கு இது புதிதல்ல. நரம்பைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் வந்தவர்களை நோய் முடக்கியது கொஞ்சம், பயம் முடக்கியது மிச்சம் என்பது அவள் கணக்கு. நரம்பு எந்த நேரம் காலை வாரிவிடும் என்று தெரியாதபோது, யாருக்குத்தான் அடியெடுத்து வைக்கத் தைரியம் வரும், பாவம்.

தையல்காரரின் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதத்துக்கு முன் குளியலறை வாசலில் விழுந்தவள். அதன்பின் கட்டில் விட்டால் நாற்காலி, நாற்காலி விட்டால் கட்டில்.

பிசியோதெரபிஸ்ட் அவள் காலை அழுத்திப் பார்த்தாள். "எட்டு மாசமா நடக்கலையா? கெண்டைக்கால் சதை நல்லாத்தானே இருக்கு."

"தினம் ரெண்டு வேளை எண்ணெய் போட்டு நீவி விடுறேன்ல," என்றார் தையல்காரர் பெருமையாக.

"நீவி விட்டா போதாதுங்க. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டா, அப்புறம் நீங்க கெஞ்சினாலும் கால் கேக்காது."

அவர் முகம் சுண்டிவிட்டது. "அவ பயப்படுறாளே, நான் என்ன பண்ண?"

மனைவி மடியில் கிடந்த போர்வையைச் சரிசெய்தாள்.

"நீங்க போய் வேலையைப் பாருங்கண்ணா. நான் பேசிப் பார்க்கிறேன்."

மனசே இல்லாமல் அவர் பக்கத்து அறைக்குப் போனார். தையல் மிஷின் கடகடக்கத் தொடங்கியது.

அந்தச் சத்தம் கேட்டதுதான் தாமதம், மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அலமாரி வரை பன்னிரண்டு அடி நடந்தாள். இடது கால் இழுத்தது, அவள் விடவில்லை. திரும்பி வந்து மூச்சு வாங்க நின்றாள்.

பிசியோதெரபிஸ்ட் கதவுப் பக்கம் திரும்பினாள். "அக்கா, இவ்வளவு நடக்கிறீங்களே. இருங்க, அண்ணனைக் கூப்பிடுறேன்."

"வேண்டாம்." மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஷின் ஓடுறப்ப மட்டும்தான் நடப்பேன்."

"இந்தத் திருட்டு நடை பத்தாதுக்கா. ஒழுங்கா பயிற்சி செய்யணும், தெருவுல நடக்கணும். இல்லேன்னா இருக்கிறதும் போயிடும்."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா அவர்கிட்ட மறைக்கிறீங்க?"

மிஷின் நின்றது. அவள் சட்டென்று உட்கார்ந்து, போர்வையைக் கால்மேல் இழுத்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது.

"விழுந்த அன்னைக்கு என்னைப் பிடிச்சிருந்தது அவர்தான். அவர் கைதான் நழுவிடுச்சு. இப்ப நான் எழுந்தாலே அவருக்கு உடம்பெல்லாம் உதறுது," என்றாள் மெதுவாக. "பயம் எனக்கில்லைம்மா. அவருக்கு."