பதினோராவது போல்டர்

ஒரு பைலைத் திறக்கப் பதினோரு போல்டர் தாண்ட வைக்கிற ஆளுக்கு எம்புட்டுக் கொழுப்பு இருக்க வேண்டும் என்று சத்யப்ரியாவுக்கு ஆத்திரமாக வந்தது.

கப்பலூர் வால்வுப் பட்டறையில் புரோகிராம் எழுதும் வேலைக்கு அவள் சேர்ந்து இருபது நாள். மாதம் முடிவதற்குள் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தால்தான் வேலை நிரந்தரம். மெஷின்களை ஓட்டும் புரோகிராம்கள் எல்லாம் ஆபீஸ் சர்வரில் இருந்தன. சர்வரைக் கவனிக்கும் முத்திருளன் அவற்றைப் போல்டருக்குள் போல்டராகப் புதைத்து வைத்திருந்தார்.

"ஏண்ணே, இம்புட்டு ஆழத்துலயா வைப்பாங்க?"

"பழகிரும் தங்கச்சி."

தன்னை விட்டால் ஆளில்லை என்று காட்டுகிறார் என முடிவு கட்டினாள்.

அன்றைக்கே, புரோகிராம்களைத் திறந்து திருத்தும் எடிட்டரில் ஒரு வழி செய்தாள். பைல் பெயரில் மூன்று எழுத்தைத் தட்டினால் போதும். எந்தப் பள்ளத்தில் கிடந்தாலும் முன்னால் வந்து நிற்கும்.

முதலாளி சூரியபிரகாஷ் சொக்கிப்போனார்.

"அடேங்கப்பா! உனக்கு வேலை நிரந்தரம்மா. என் கம்ப்யூட்டர்லயும் இதைப் போட்டுக் குடு."

முத்திருளன் அவளைத் தனியே இழுத்தார். "அவருக்கு மட்டும் வேணாம் தங்கச்சி."

"வயித்தெரிச்சலாண்ணே?"

அவர் தன் மேஜைக்குத் திரும்பினார். அவள் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காலை பட்டறையில் டமார் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் இரும்பைச் சீவும் கட்டர் முறிந்து, மெஷின் கதவுக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. மெஷின் ஓட்டும் காளை மெயின் சுவிட்சை அணைத்துக்கொண்டிருந்தார்.

புரோகிராமைத் திறந்தாள். எண்ணூறு என்று இருந்த வேகம் ஆயிரத்து எண்ணூறு ஆகியிருந்தது.

"நாந்தேன் முன்னால ஒரு ஒண்ணு சேர்த்தேன்," என்றார் பின்னால் வந்து நின்ற முதலாளி பெருமையாக. "மத்தியானத்துக்குள்ள முடியட்டுமேன்னு. கட்டர்தான் மட்டமான சரக்கு போல." சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

காளை நெற்றித் தழும்பைத் தடவினார். "இன்னிக்குக் கதவு காப்பாத்திருச்சு. போன வருசம் இதே மாதிரி முதலாளி புரோகிராம்ல கைவச்சு எனக்கு ஏழு தையல். அதுக்கப்புறந்தேன் நம்ம அண்ணன் போல்டர் போட ஆரம்பிச்சாரு."

சத்தம் கேட்டு வந்திருந்த முத்திருளனைச் சத்யப்ரியா பார்த்தாள். "பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கலாமேண்ணே?"

"முதலாளியைப் பூட்டினா கோவம் வரும் தங்கச்சி. போல்டர் போல்டரா நடக்க விட்டா ஆறாவதுலயே கொட்டாவி வந்துரும்."

அவள் நேராக முதலாளி அறைக்குப் போனாள்.

"சார், நான் போட்டுக் குடுத்தது சரியில்லை. எடுத்துர்றேன்."

"நேத்து நல்லா ஓடுச்சே! இதுக்காகத்தானே உன்னை நிரந்தரம் பண்றேன்னு சொன்னேன்?"

"அவசரப்பட்டுட்டீங்க சார்," என்றபடி அவர் கம்ப்யூட்டரிலிருந்து அதை அழித்தாள்.