ஆறு ஒளியாண்டு

நான்கு சீட்டுகளையும் அவள்தான் எழுதினாள். அந்தச் சினிமா ஆபீசில் தமிழைப் பிழையில்லாமல் எழுதுகிற கை அது ஒன்றுதான்.

நான்கு பெயர்கள். நான்கும் ஆண்கள்.

ஐந்தாவது தாள் ஒன்றையும் கிழித்து வைத்திருந்தாள். அது வெறுமையாகக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முருகன் படத்துக்கு முன்னால் சீட்டுக் குலுக்கி, ஊரே பார்த்த விண்வெளிப் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு டைரக்டரைப் பிடித்தாக வேண்டும். முதல் பாகத்தை எடுத்தவர் ஹீரோவோடு முட்டிக்கொண்டு ஹைதராபாத் போய்விட்டார்.

விஞ்ஞானப் படம். வெட்கமாக இருந்தது.

முதல் பாகத்தின் கதை அவளுடையது. வசனமும்தான். டைட்டிலில் 'கதை உதவி' என்று போட்டார்கள். கண்ணைச் சிமிட்டினால் போயிருக்கும். வெற்றி விழாவில் தயாரிப்பாளர் தணிகாசலம் அவள் தலையில் கை வைத்து, "ரெண்டாம் பாகம் நீதாம்மா டைரக்ட் பண்றே" என்றார்.

ஆறு வருடம் ஆகிறது. அவருக்கு மறந்துவிட்டது. அவளுக்கு மறக்கவில்லை.

அவள் பையில் நீல ஃபைல் ஒன்று இருந்தது. இரண்டாம் பாகம், கடைசிக் காட்சி வரை. அது இருப்பது யாருக்கும் தெரியாது.

நேற்று நால்வரும் வந்து கதை சொன்னார்கள். ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தாள்.

பேய்ப்படம் எடுக்கிறவன், விண்கலத்துக்குள் ஒரு பேய் வைக்கலாம் என்றான். திருவிழாப் படம் எடுக்கிறவன் செவ்வாய்க் கிரகத்தில் தேர் இழுக்கும் பாட்டு ஒன்று சொன்னான். தணிகாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மற்ற இருவர் சொன்னதை எழுதிக்கொள்ளவே அவளுக்குக் கை வரவில்லை.

ஒன்றில் மட்டும் நால்வரும் ஒற்றுமை. நெஞ்சில் கை வைத்து, முதல் பாகத்தின் அந்த வசனத்தைச் சொன்னார்கள்.

'நூறு ஒளியாண்டு ஆனாலும் உனக்காகக் காத்திருப்பேன்.'

அவள் அப்படி எழுதவில்லை. 'நூறு ஒளியாண்டு தாண்டியும் உன்னிடம் வருவேன்' என்று எழுதியிருந்தாள். ஒளியாண்டு என்பது தூரம். ஒளி ஒரு வருடத்தில் போகிற தூரம். பள்ளிக்கூடப் பாடம். ஆண்டு என்று முடிகிறதே, அப்போது அது காலம்தானே என்று படப்பிடிப்பில் மாற்றிவிட்டார்கள். அவள் மறுத்துச் சொன்னாள். "யாரும்மா கேக்கப் போறா?" என்றார்கள்.

உண்மைதான். யாரும் கேட்கவில்லை. ஆட்டோ முதுகில் எழுதினார்கள். கல்யாண பேனரில் போட்டார்கள். தப்பு ஹிட்டாகிவிட்டால் இந்த ஊரில் அதற்குப் பஞ்ச் டயலாக் என்று பெயர்.

நேற்று வீட்டுக்குப் போகும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். டைரக்டர் நாற்காலி கிடைக்காவிட்டால் போகிறது. ஒளியாண்டு என்றால் என்னவென்று தெரிந்த ஒருவன் வந்தால் போதும், ஃபைலை அவன் கையில் கொடுத்துவிடுவாள். படமாவது உருப்படட்டும்.

சீட்டுகளை மடித்து வெள்ளித் தட்டில் போட்டாள். ஐந்தாவது தாளைத் தொடவில்லை. தன் பெயரை எழுதிப் போட்டிருக்கலாம். குலுக்கலில் விழுந்து கிடைக்கிற நாற்காலி அவளுக்கு வேண்டாம்.

யார் எடுப்பது என்று பேச்சு வந்தது. தணிகாசலம் அவளைக் கூப்பிட்டார்.

"நீ எடும்மா. இதுல ஆசையில்லாத ஆளு நீ ஒருத்திதான்."

எடுத்தாள்.

பேய்ப்படக்காரன். ஹரிநந்தன்.

பக்கத்து அறையிலிருந்து அழைத்து வந்தார்கள். அவன் கழுத்தில் மாலை விழுந்தது. எல்லார் கையிலும் கேசரி.

"இவங்க நம்ம கதை இலாகா" என்றார் தணிகாசலம். "ஏம்மா, ரெண்டாம் பாகத்துக்கு ஏதாச்சும் எழுதி வெச்சிருந்தா தம்பிகிட்ட குடு."

பையின் ஜிப்பைத் திறந்தாள். நீல ஃபைல் பாதி வெளியே வந்தது. ஹரிநந்தன் நல்ல பையன்தான். மாலையைக் கழற்றிவிட்டு மரியாதையாக நின்றான்.

"எவ்வளவு நாளா இங்க இருக்கீங்க மேடம்?"

அவன் முகத்தையே பார்த்தாள்.

"ஆறு ஒளியாண்டு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அவன் சிரிப்பானா என்று. ஒரு புருவமாவது ஏறுமா என்று. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

"அம்மாடி!" என்றான் அவன். "அவ்வளவு வருஷமாவா?"

கையெடுத்துக் கும்பிட்டான். தணிகாசலம் பெருமையோடு தலையாட்டினார்.

அவள் ஃபைலை உள்ளே தள்ளினாள்.

"இன்னும் எதுவும் எழுதல சார்."

ஜிப்பை இழுத்து மூடினாள். மேசை மேல் கிடந்த வெறும் தாளையும் எடுத்துக்கொண்டு, கேசரியைத் தொடாமல் படியிறங்கினாள்.

வாசலில் மணி பார்த்தாள். பத்து இருபத்தைந்து.

நல்ல நேரம் இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.