பேட்டரி போடாத ரிமோட்

விளக்கை ரிமோட்டில் இயக்கும் மாட்யூலைச் சுவருக்குள் பதித்து, சுவிட்ச் பலகையின் கடைசித் திருகை முடுக்கிவிட்டு நிமிர்கிறார் எலக்ட்ரீஷியன். ஜன்னலில் அந்தி மங்கிக்கொண்டிருக்கிறது. மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் நீட்டிக் கட்டிலில் கிடக்கும் கணவர், புது ரிமோட்டை விளக்குக்கு நேராக நீட்டி அழுத்துகிறார். ஒன்றும் நடக்கவில்லை. "இதுக்கும் உன்னையே கூப்பிடணும்போல" என்று மனைவியிடம் சொல்லும்போது அவர் முகம் தொங்கிப்போகிறது. அவள் ஓசைப்படாமல் சுவிட்ச் பலகையை ஒட்டிச் சாய்ந்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறாள். "அதுக்குள்ள என்ன அவசரம்? இன்னொரு தடவை அழுத்துங்க." அழுத்துகிறார். மஞ்சள் வெளிச்சம் அறையெங்கும் வழிகிறது. "பாத்தியா! இனிமே நான் உனக்குத் தொந்தரவே தரமாட்டேன்!" வாரக்கணக்கில் மழிக்காத கன்னம் முழுக்கச் சிரிப்பு. "ஆஃப்" என்று அழுத்துகிறார், அணைகிறது. "ஆன்" என்று அழுத்துகிறார், எரிகிறது. எலக்ட்ரீஷியன் தற்செயலாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துத் திடுக்கிடுகிறார். ரிமோட்டில் போடவேண்டிய வட்டப் பேட்டரி இன்னும் அங்கேயே இருக்கிறது. வாயைத் திறக்கப்போனவரை அவள் கண்ணாலேயே அதட்டுகிறாள். அந்த இடைவெளியில், கட்டிலில் இருப்பவர் ரிமோட்டைப் போர்வைமேல் வைத்துவிட்டு, வெறும் கையோடு விளக்கைப் பார்த்து, "ஆஃப்" என்கிறார். விளக்கு சட்டென்று அணைகிறது. அரையிருட்டில் அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதில் கட்டில் கிரீச்சிடுகிறது. "அடி கள்ளி, அந்தக் கையக் கொஞ்சம் இங்க கொண்டா."