மூன்றாவது பூட்டு

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர் மாதா கோயிலில், பத்து ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத ஓக் மரப் பெட்டி ஒன்று இருந்தது. ஊரில் பிறந்தவர்கள், கல்யாணமானவர்கள், செத்தவர்கள் அத்தனை பேரின் பெயரும் எழுதிய ஒரே புத்தகம் அதற்குள்தான். யாரையும் தனியாக நம்ப முடியாதென்று பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று பேரிடம் மூன்று சாவி.

மூன்றாவது பூட்டுக்கு எந்நேரமும் பதைப்புதான். மற்ற இரண்டும் எவனுக்காவது இளகிவிட்டால்?

ஒரு மழைக்காலத்தில் ஆறு கரை புரண்டு கோயிலுக்குள் வந்தது. பாதிரியாரும் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையும் ஓடிவந்து இரண்டு பூட்டைத் திறந்தார்கள். மூன்றாவது சாவி வைத்திருந்த மாவுமில்காரரோ அக்கரையில் மாட்டிக்கொண்டார். பாதிரியார் ஓர் ஆணியை விட்டு நெம்பிப் பார்த்தார். பூட்டு பல்லைக் கடித்துக்கொண்டது.

"தம்பி, என் கால் நனைஞ்சிடுச்சு. கொஞ்சம் வாயைத் திற" என்றது பெட்டி.

"அதெப்படிண்ணே? நாளைக்கு ஒரு தாள் காணோம்னா என்னைத்தானே கேப்பாங்க?"

"இடுப்பு வரைக்கும் வந்திடுச்சுடா."

"சாவி வரட்டும்ணே." பூட்டு இளகவில்லை.

தண்ணீர் வடிந்து நாலாம் நாள் மில்காரர் சாவியோடு வந்தார். மூடியைத் தூக்கினார்கள். புத்தகம் ஊறி உப்பிக் கிடந்தது. மை கரைந்து, ஒரு பெயர்கூட மிச்சமில்லை. பாதிரியார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

பூட்டு அப்போதுதான் நிம்மதியாக மூச்சு விட்டது.

"எண்ணிப் பாருங்க" என்றது. "ஒரு தாள் குறையாது."