டோலனின் தாடி

எங்கள் வங்கிக் காசாளர் டோலனின் தாடியில் இரண்டு கிளிகள் குஞ்சு குட்டியோடு குடும்பம் நடத்தலாம்.

அநாதைப் பிள்ளைகளின் விடுதிக்கு பஸ் வாங்க நிதி திரட்டினோம். ஊர் காசு கொடுத்துப் பார்க்க அந்தத் தாடியை மழித்தால் பாதி பஸ் வந்துவிடும். ஓய்வுபெற்ற பிறகும் இப்படிப்பட்ட வம்புகளுக்கு நான்தான் தலைவன்.

"சனிக்கிழமை பூரா சாசேஜ் சுட்டு வித்துக் காசு தர்றேன், மெர்வ். தாடி மட்டும் வேணாம்," என்று என்னிடம் கெஞ்சினான்.

"பிள்ளைங்களுக்குன்னு வருஷக்கணக்கா துணிமணி மூட்டை கட்டி அனுப்புற. ஒரு நாளாவது விடுதிப் பக்கம் வந்தியா? மயிரையாவது குடுடா!"

எங்கள் பென்டிகோ ஊர்ச் சந்தையே சிரித்தது. நாற்காலியில் அவனை அமுக்கி உட்காரவைத்தோம். விடுதியிலிருந்து வந்திருந்த பன்னிரண்டு வயது டாலியாவிடம் மழிக்கும் மெஷினைக் கொடுத்தேன். அவளைக் கண்டதும் டோலன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

கொத்துக் கொத்தாகத் தாடி விழுந்தது. கூட்டம் கைதட்டியது. தாடையில் பிறைபோல ஒரு தழும்பு தெரிந்ததும் அவள் மெஷினை நிறுத்தினாள்.

"அம்மா சாகுறவரைக்கும் வச்சிருந்த போட்டோவுலயும் இதே தழும்பு," என்றாள் மெதுவாக.

மெஷின் மறுபடி உறுமியது.

"அசையாதீங்க, அப்பா."