இரண்டாவது டிஸ்க்

'பீப், பீப்' என்று அலறிவிட்டு, தனேலியின் கணினி மறுபடியும் கறுப்புத் திரையைக் காட்டியது. அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது சவுனாவில், அதாவது நீராவிக் குளியலறையில், வாரத்துக்கு ஒருமுறை கிடைக்கும் தன் முறையைப் பாதியில் விட்டு, ஈரத் தலையோடு வந்திருந்த மாடி வீட்டு ரைமோவுக்கு எரிச்சலாக வந்தது.

"நேத்து வரைக்கும் லினக்ஸ் ஓடிச்சுல்ல? என்னடா பண்ணின?"

"விண்டோஸ் டிஸ்க்கைக் கழட்டினேன், அவ்வளவுதான். லினக்ஸ் தனி டிஸ்க்தானே?"

ரைமோ விண்டோஸ் டிஸ்க்கைத் திரும்ப மாட்டிப் பார்த்தான். லினக்ஸ் சமர்த்தாக ஓடியது. கழற்றினான். மறுபடியும் கறுப்பு.

"மடையா, லினக்ஸைக் கிளப்பிவிடற ஃபைலை விண்டோஸ் டிஸ்க்ல போட்டு வச்சிருக்க. ரெண்டும் உள்ளேயே கிடக்கட்டும், விடு."

"முடியாது. விண்டோஸ் டிஸ்க்கை இப்பவே வெளியே எடுத்தாகணும். திங்கக்கிழமை வேலைக்கு எனக்கு லினக்ஸும் ஓடணும்."

"உன்னோட பெரிய தொல்லைடா. சரி, அந்த ஃபைலை லினக்ஸ் டிஸ்க்குக்கு மாத்திடறேன். அஞ்சு நிமிஷ வேலை. அப்புறம் இதுக்கு விண்டோஸ் டிஸ்க் தேவையே இல்லை."

கீபோர்டை இழுத்த ரைமோவின் கையைத் தனேலி பிடித்துக்கொண்டான்.

"மாத்தாதே. அந்த விண்டோஸ் டிஸ்க் என் பொண்டாட்டியோடது. என்னை விட்டுப் போறா. சாமானெல்லாம் வேன்ல ஏத்திட்டு, இதுக்காகத்தான் கீழே நிக்கிறா. அவளோடது இல்லாம என்னோடது ஓடவே ஓடாதுன்னு நீயே போய்ச் சொல்லிடு."